திரைப்பட வாக்கெடுப்பும் நடுவுநிலைமையும்

முன்னுரை

தமிழர் வாழ்வில் திரைப்படம் பெற்றுள்ள இடத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்த நாள்முதல் இன்றுவரை, நம் மக்கள் தம் மகிழ்ச்சியையும் கண்ணீரையும் வெண்திரையோடு பகிர்ந்து வந்துள்ளனர். எனவே, "உங்கள் உள்ளம் கவர்ந்த படம் எது?" என்னும் வினா எழும்போதெல்லாம் விடையளிக்க ஆயிரம் பேர் முன்வருகின்றனர். முன்னாளில் வார இதழ்களும் வானொலியும் கேட்ட இவ்வினாவை இன்று இணையம் கேட்கின்றது. கைப்பேசியில் ஒரு தொடுகை போதும், வாக்குப் பதிவாகிவிடுகின்றது. மாலைக்குள் பட்டியலும் வெளிவந்துவிடுகின்றது.

இப்பட்டியல்களை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. எந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட வேண்டும், எது பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும், எந்தப் படச்சுருள் காக்கப்பட வேண்டும் என்பன போன்ற முடிவுகளில் இத்தகைய பட்டியல்களின் நிழல் படிகின்றது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் படியே இன்று கிடைக்கவில்லை. மக்கள் மறந்தது மறைந்துபோகும். ஆகவே, மக்கள் எதனை விரும்புகின்றனர் என்பதைப் பிழையின்றி அறிவது பண்பாட்டுக் கடமைகளுள் ஒன்றாகின்றது. அதனை அறியும் வழி யாது? வாக்கெடுப்பு எங்ஙனம் நடைபெற்றால் அது மக்கள் குரலாகும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறந்ததும் விருப்பமானதும்

முதற்கண் இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். 'சிறந்த படம் எது?' என்பது ஒரு வினா. 'விருப்பமான படம் எது?' என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கூறத் துறையறிவு வேண்டும். பின்னதற்குப் பார்த்த கண்ணும் உணர்ந்த நெஞ்சுமே போதும்.

இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கருத்துக் கேட்டு வருகின்றது. 1952இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்னும் இத்தாலியப் படம் முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' அவ்விடத்தில் வீற்றிருந்தது. 2012இல் 'வெர்டிகோ' அதனை இறக்கியது. 2022இல் ஷாந்தல் அக்கர்மன் இயக்கிய 'ழான் டீல்மன்' முதலிடம் எய்தியது. பெண் ஒருவர் இயக்கிய படம் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை. இம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று நம் கருத்திற்குரியது. 2012இல் வாக்களித்த விமர்சகர் 846 பேர். 2022இல் 1,639 பேர். படங்கள் மாறவில்லை, கேட்கப்பட்டோரின் வட்டம் விரிந்தது. வட்டம் விரிந்ததும் விடையும் மாறியது.

அறிஞர் வாக்கெடுப்பிற்கும் இக்குறை உண்டு. பன்னாட்டுத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் இந்தியப் பிரிவு 2022இல் தன் உறுப்பினர் முப்பதின்மரிடம் மறைமுக வாக்குப் பெற்று, இந்தியாவின் தலைசிறந்த பத்துப் படங்களை அறிவித்தது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலிடம் பெற்றது. வங்காளம், இந்தி, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளின் படங்கள் அப்பட்டியலில் இருந்தன. தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. வாக்களித்தோரின் நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் முப்பதின்மர் பார்த்த படங்களின் எல்லையே அப்பட்டியலின் எல்லை என்பதை நாம் மறத்தலாகாது. பார்க்காத படத்திற்கு எவரும் வாக்களிப்பதில்லை.

திரளும் திரட்டலும்

இனி, மக்கள் வாக்கெடுப்புகளுக்கு வருவோம். பி.பி.சி. நிறுவனம் 1999இல் இணையவழி நடத்திய வாக்கெடுப்பில், ஆயிரம் ஆண்டுகளின் தலைசிறந்த நடிகராக அமிதாப் பச்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேலைநாட்டார் வியந்தனர். 2002இல் அந்நிறுவனத்தின் உலக சேவை, உலக மக்களின் விருப்பப் பாடல்கள் பத்தினைத் தேர்ந்தெடுக்குமாறு நேயர்களை வேண்டியது. அயர்லாந்தின் நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்று முதலிடம் பெற்றது. 'வந்தே மாதரம்' இரண்டாமிடம். பாகிஸ்தான் இளைஞர்தம் பாடல் ஒன்று மூன்றாமிடம். 'தளபதி' (1991) படத்திற்கு இளையராஜா அமைத்த பாடல் நான்காமிடம் பெற்றது. ஈழத்தமிழ்ப் பாடகர் திருமலைச் சந்திரனின் பாடல் ஐந்தாமிடத்தில் அமர்ந்தது. ஆங்கில உலகம் போற்றிய 'குவீன்' குழுவினரின் பாடல் பத்தாமிடமே பெற்றது.

தமிழராகிய நாம் இதனால் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியில் தவறில்லை. ஆயினும் ஆய்வாளன் ஒரு வினாவினை எழுப்புதல் வேண்டும்: உலக மக்கள் அனைவரிடமும் இவ்வினா கேட்கப்பட்டதா? அல்லது தம் மொழியின்மீதும் மண்ணின்மீதும் பற்றுக்கொண்டு, ஒருவரையொருவர் தூண்டி வாக்களித்த குழுக்களின் ஊக்கம் அளக்கப்பட்டதா? சீன மொழி பேசுவோர் நூறு கோடிக்கு மேற்பட்டோர். அம்மொழிப் பாடல் ஒன்றும் அப்பத்தில் இடம்பெறவில்லை. ஆகவே அப்பட்டியல் விருப்பத்தின் பரப்பை அளக்கவில்லை. ஆர்வத்தின் ஆழத்தை அளந்தது. இரண்டும் மதிப்புடையனவே. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே பிழை.

இந்தியத் திரைப்படம் நூற்றாண்டு கண்ட 2013இல் சி.என்.என்.-ஐ.பி.என். தொலைக்காட்சி நடத்திய இணைய வாக்கெடுப்பில் 1957ஆம் ஆண்டின் 'மாயாபஜார்' தலைசிறந்த இந்தியப் படமாகத் தேர்வுபெற்றது. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வெளிவந்த சில நாள்களுக்குள் ஐ.எம்.டி.பி. தளத்தில் 9.6 மதிப்பெண் பெற்று, நெடுநாள் முதலிடத்திலிருந்த 'தி ஷாஷாங் ரிடெம்ஷன்' பெற்ற 9.3ஐத் தாண்டி நின்றது. பின்னர் அம்மதிப்பெண் ஒன்பதிற்குக் கீழ் இறங்கியது. படத்தின் தரம் சில திங்களுக்குள் குறைந்துவிடுமா? இல்லை. முதலில் வாக்களித்தோர் நெஞ்சு நெகிழ்ந்து ஓடிவந்தோர். பின்னர் வாக்களித்தோர் பலதிறத்தார். காலமும் ஒருவகைச் சல்லடை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

திரட்டப்பட்ட வாக்கு எல்லை மீறினால் விளைவது யாது என்பதற்கு விளையாட்டுத் துறையிலிருந்து ஒரு சான்று காட்டலாம். அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டின் பேஸ்பால் விண்மீன் ஆட்டத்திற்கு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சுவைஞரிடம் இருந்தது. சின்சினாட்டி நகர நாளிதழ் ஒன்று, பெயர் குறித்த வாக்குச் சீட்டுகளையே அச்சிட்டு வழங்கியது. அந்நகர அணியினர் எழுவர் தேர்வாயினர்! ஆணையர் அவருள் இருவரை நீக்கினார். அத்துடன் நில்லாது, வாக்குரிமையே சுவைஞரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1970இல்தான் அது மீண்டது. முறைகேடான வாக்கெடுப்பின் இறுதி இழப்பு மக்களுக்கே என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டில் இச்சிக்கலை உணர்ந்து வழி தேடியவர்களும் உண்டு. இலங்கை வானொலியில் 1952 இறுதியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியில் அமீன் சயானி இந்திப் பாடல்களை வரிசைப்படுத்தி வழங்கினார். அவ்வரிசைக்குக் கடைகளில் விற்ற இசைத்தட்டுகளின் கணக்கும் நேயர் மன்றங்களின் கருத்தும் சேர்த்துக் கொள்ளப்பட்டன. ஒரு கண் காணாததை மறுகண் காணும் என்பது அதன் உட்கருத்தாகும்.

ஒரு சோறு பதமாவது எப்போது?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பழமொழி. மாதிரி எடுத்தல் என்னும் புள்ளியியற் கலையின் சாரம் முழுவதும் இதனுள் அடங்கும். ஆயினும் இப்பழமொழி எப்போது பொருந்தும்? பானை முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே நீரில், ஒரே சீராக வெந்திருந்தால் பொருந்தும். நோன்புக் கஞ்சியைக் கிண்டிக் கிண்டிக் காய்ச்சுகின்றோம். எங்கே ஒரு கரண்டி எடுத்தாலும் சுவை ஒன்றே. தம் போட்ட பிரியாணி அத்தகையதன்று. மேலே சோறு, நடுவே மசாலா, அடியிலே கறி. மேலாக ஒரு கரண்டி அள்ளியவன் 'இதில் கறியே இல்லை' என்பான். அடிவரை கரண்டி சென்றால்தான் உண்மை தெரியும்.

மக்கட் சமுதாயம் கிண்டிய கஞ்சியன்று, அடுக்கடுக்கான பிரியாணி. அகவை, பாலினம், தொழில், கல்வி, மொழி, ஊர் எனப் பல அடுக்குகள் அதன்கண் உள்ளன. இணையத்தில் தாமே வந்து வாக்களிப்போர் மேலடுக்கு மட்டுமே. அவர்கள் இளையர், ஓய்வுடையோர், கைப்பேசியும் தரவும் உடையோர், அப்படத்தின்மீது அளவிறந்த அன்போ வெறுப்போ கொண்டோர். இடைப்பட்ட பெரும்பான்மையோர் வாளாவிருக்கின்றனர்.

எண்ணிக்கை மிகுந்தால் இக்குறை நீங்கும் என்று கருதுவோர் 1936ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல் வரலாற்றைப் படித்தல் வேண்டும். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஒரு கோடி வாக்காளர்க்கு அஞ்சலட்டை அனுப்பியது. ஏறத்தாழ 24 லட்சம் விடைகள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் முழங்கியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். முகவரிகள் தொலைபேசி நூல்களிலிருந்தும் மகிழுந்துப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அக்காலத்தில் அவையிரண்டும் வசதியுடையோர் வீட்டுப் பொருள்கள். அன்றியும் ரூஸ்வெல்ட் மீது சினங்கொண்டோரே மிகுதியாக மறுமொழி விடுத்தனர். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பார் மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். 1938இல் அவ்விதழ் நின்றுபோயிற்று.

சீரற்ற முறையில், அதாவது குலுக்கல் முறையில், எவர்க்கும் சமவாய்ப்பளித்துத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேர் போதும். விடையின் பிழை பெரும்பாலும் நூற்றுக்கு மூன்றுக்குள் அடங்கும். நானூறு பேராயின் ஐந்துக்குள் அடங்கும். தாமே வந்த பத்து லட்சம் பேருக்கு இத்தகைய உறுதி எதுவும் இல்லை. இதுவே மாணவர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய முதல் உண்மை.

உத்தரமேரூர் காட்டும் வழி

குலுக்கல் முறை நமக்குப் புதியதன்று. கயிற்றால் பிணித்த குடத்தினின்று ஓலைகளை எடுக்கும் காட்சியை மருதன் இளநாகனார் அகநானூற்றின் 77ஆம் பாடலில் உவமையாக ஆள்கின்றார். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அனைவர் முன்னிலையிலும் பெயர் படிக்கப்பட்டது.

இம்முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, குடும்புவாரியான பிரிவு. இதனால் ஊரின் எப்பகுதியும் விடுபடாது. இரண்டாவது, குலுக்கல், இதனால் ஆள் திரட்டலுக்கு இடமில்லை. மூன்றாவது, வெளிப்படைத் தன்மை. இதனால் ஐயத்திற்கு வழியில்லை. அடுக்குவாரி மாதிரி என்று இன்றைய புள்ளியியல் நூல்கள் கூறும் முறையின் கருவினை இங்கே காண்கின்றோம்.

ஆயினும் புகழ்ந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்வது நடுவுநிலையாகாது. குடத்துள் யாருடைய ஓலை இடப்பட்டது? வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 அகவைக்குட்பட்ட ஆடவருடைய ஓலை மட்டுமே இடப்பட்டது. பெண்டிர் இல்லை, உழுதவர் இல்லை. குலுக்கும் முறை எத்துணைச் செம்மையாயினும், குடத்துள் இடப்படாத ஓலை ஒருநாளும் வெளிவராது. எனவே வாக்கெடுப்பு நடத்துவோர் 'எப்படி எடுப்பது' என்பதற்கு முன் 'யாரை உள்ளிடுவது' என்று வினவுதல் வேண்டும்.

வினாவும் பட்டியலும்

வாக்காளர் அமைந்தபின் வினாவினை அமைத்தல் வேண்டும். 'கீழ்க்காணும் பத்துப் படங்களுள் ஒன்றைத் தேர்க' என்பது எளிய முறை. ஆனால் அப்பத்தினைத் தேர்ந்தவர் யார்? வினா தொகுத்தவரின் விருப்பம் அங்கேயே நுழைந்துவிடுகின்றது. ஆகவே வாக்கெடுப்பினை இரண்டு கட்டமாக நடத்துதல் நன்று. முதற்கட்டத்தில் ஒவ்வொருவரும் நினைவிலிருந்து ஐந்து படங்களை எழுதலாம். பலர் எழுதியவற்றைத் திரட்டி, இரண்டாங் கட்டத்தில் வாக்கிற்கு விடலாம்.

பட்டியலின் வரிசையும் ஒரு பொருட்டே. முதலில் நிற்கும் பெயர் கண்ணிற் படுவதால் கூடுதல் வாக்குப் பெறும் இயல்புண்டு. எனவே வாக்காளர்தோறும் வரிசையை மாற்றித் தருதல் வேண்டும். நடைபெறும்போதே நிலவரத்தை வெளியிடுதலும் தவிர்க்கத்தக்கது. எது முந்துகின்றது என்று அறிந்தவுடன் திரட்டல் தொடங்கிவிடும்.

நினைவின் சார்பு மற்றொன்று. சென்ற மாதம் பார்த்த படம் மனத்தின் வாயிலில் நிற்கின்றது. முப்பதாண்டுக்கு முன் பார்த்தது உள்ளறையில் உறங்குகின்றது. பத்தாண்டுக்கு ஒரு பிரிவாக வகுத்து, ஒவ்வொரு காலத்திற்கும் ஒரு படத்தைக் கேட்பின் உள்ளறையும் திறக்கும். மேலும், 'இப்படத்தைப் பார்த்திருக்கின்றீரா?' என்னும் வினாவினை உடன் சேர்த்தல் இன்றியமையாதது. நூறு பேர் பார்த்து எண்பதின்மர் விரும்பிய பழம்படமும், ஆயிரவர் பார்த்து இருநூற்றுவர் விரும்பிய புதுப்படமும் வாக்கெண்ணிக்கையில் ஒன்றாகா. ஆயினும் பார்த்தோர் நெஞ்சில் எது ஆழ்ந்து பதிந்தது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

எண்ணும் முறைகள்

ஒருவர்க்கு ஒரு படம் என்னும் எளிய முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அதனைக் கற்பனைக் கணக்கொன்றால் விளக்குவோம். நூறு பேர் வாக்களிக்கின்றனர் எனக் கொள்வோம். எம்.ஜி.ஆர். சுவைஞர் நாற்பதின்மர் 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்திற்கு ஒருமுகமாக வாக்களிக்கின்றனர். சிவாஜி சுவைஞர் அறுபதின்மர். ஆனால் அவர்தம் வாக்கு 'திருவிளையாடல்' 22, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 20, 'தில்லானா மோகனாம்பாள்' 18 எனப் பிரிகின்றது. முதலிடம் நாற்பது பெற்ற படத்திற்கே. அறுபதின்மர் வேறு நடிகரை விரும்பியும் அவர் குரல் சிதறிப்போயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் போர்டா இதற்கொரு வழி கண்டார். வாக்காளர் தம் விருப்பத்தை வரிசைப்படுத்துதல் வேண்டும். முதலிடத்திற்கு 3, இரண்டாமிடத்திற்கு 2, மூன்றாமிடத்திற்கு 1 எனப் புள்ளி வழங்கலாம். மேற்கண்ட நூற்றுவருள், 'திருவிளையாடல்' படத்தை முதலில் வைத்த இருபத்திருவரும், 'கட்டபொம்மன்' படத்தை முதலில் வைத்த இருபதின்மரும், எம்.ஜி.ஆர். சுவைஞர் நாற்பதின்மரும் தம் இரண்டாம் விருப்பமாகத் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைக் குறித்தனர் எனக் கொள்வோம். முதலிடப் புள்ளி 54. இரண்டாமிடப் புள்ளி 44, 40, 80. ஆகமொத்தம் 218. 'எங்க வீட்டுப் பிள்ளை' பெறுவது முதலிடப் புள்ளி 120 மட்டுமே. முதல் விருப்பத்தில் கடைசியாக நின்ற படம், அனைவர்க்கும் உடன்பாடான படமாதலின் முன்னே வருகின்றது. ஆஸ்கார் விருதுக் குழுவினரும் 2009ஆம் ஆண்டின் படங்களிலிருந்து, சிறந்த படத்திற்கு வரிசை வாக்கு முறை ஒன்றையே கையாளுகின்றனர். அவர் எண்ணும் வகை வேறாயினும் நோக்கம் இதுவே.

போர்டா முறையும் குற்றமற்றதன்று. தம் படத்திற்குப் போட்டியான நல்ல படத்தை வேண்டுமென்றே வரிசையின் அடியில் தள்ளுவோர் இருப்பர். குறையே இல்லாத எண்ணும் முறை எதுவும் இல்லை என்பதைக் கென்னத் ஆரோ 1951இல் கணித வழியே நிறுவினார். எனவே எம்முறையைக் கையாண்டோம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்து, இடையில் மாற்றாதிருப்பதே அறமாகும்.

மதிப்பெண் வழங்கும் முறையில் வேறொரு சிக்கல் எழும். பத்துப் பேர் பார்த்துச் சராசரி 9.5 பெற்ற படமும், முந்நூறு பேர் பார்த்துச் சராசரி 8 பெற்ற படமும் இருப்பின் எது மேல்? சிலர் வாக்கில் நின்ற உயர்ந்த சராசரியை அப்படியே நம்புதல் கூடாது. எல்லாப் படங்களின் பொதுச் சராசரி 6 எனின், ஒவ்வொரு படத்திற்கும் அச்சராசரியில் நூறு வாக்குகள் முன்னரே விழுந்தனவாகக் கொண்டு கணக்கிடலாம். முதற்படம் 6.3 ஆக இறங்கும், இரண்டாவது 7.5 ஆக நிற்கும். வாக்குப் பெருகப் பெருக இக்கற்பனை வாக்குகளின் தாக்கம் குறைந்துவிடும். ஐ.எம்.டி.பி. தளம் தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு இத்தகைய வாய்பாட்டினையே வெளியிட்டது. வழக்கமாக வாக்களிப்போரின் வாக்குகளையே அதற்குக் கொள்வதாகவும் அறிவித்தது.

எடை சேர்த்தல்

எவ்வளவு முயன்றும் வாக்களிக்க வந்தோரிடையே ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். அதனைக் கணக்கினால் ஓரளவு சீர்செய்யலாம். ஐந்நூறு பேர் வாக்களித்தனர். ஆடவர் 400, பெண்டிர் 100. ஒரு படத்தை ஆடவருள் நூற்றுக்கு அறுபதின்மரும் பெண்டிருள் நூற்றுக்கு இருபதின்மரும் விரும்பினர். நேர்க்கணக்கில் 260 வாக்கு, நூற்றுக்கு 52. 'பெரும்பான்மையோர் விருப்பம்' என்று அறிவித்துவிடலாம். ஆனால் ஊரில் ஆணும் பெண்ணும் சரிபாதி. இருபாலார்க்கும் சம எடை தரின் விடை நூற்றுக்கு 40. பெரும்பான்மை மறைந்துவிடுகின்றது!

இம்மருந்திற்கும் அளவுண்டு. நூறு பெண்களுக்கு மாறாக நால்வரே வாக்களித்திருப்பின், அந்நால்வர் தோளில் ஊர்ப் பெண்கள் அனைவரின் சுமையையும் ஏற்ற நேரிடும். ஒருவரும் வாரார் எனின் எந்தக் கணக்கும் உதவாது. எடை சேர்த்தல் தேடிச் செல்லுதலுக்கு ஈடாகாது.

ஒருவர்க்கு ஒரு வாக்கு

ஒருவரே பலமுறை வாக்களிப்பதைத் தடுத்தல் அடுத்த கடமை. கணினி முகவரியைக் கொண்டு தடுப்பின் விடுதி முழுவதும் ஒரே முகவரியில் இணைந்திருத்தலால் நேர்மையான மாணவர் பலர் வாக்கிழப்பர். கைப்பேசி எண்ணுக்குக் கடவுச்சொல் அனுப்பித் தடுப்பின் வீட்டுக்கு ஒரே கைப்பேசி உள்ள குடும்பத்தில் தந்தைக்கு வாக்குண்டு; தாய்க்கும் மகளுக்கும் இல்லை. பூட்டு வலுப்பட வலுப்பட எளியோரே வெளியில் நிற்க நேர்கின்றது. எனவே பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தோர்க்கு மட்டும் தனித்தனி அழைப்பு எண் வழங்குதலே செவ்விய வழி.

நெய்வேலியில் ஒரு முயற்சி

மேற்கூறியவற்றை நாமறிந்த ஊரில் பொருத்திப் பார்ப்போம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியதன் பயனாக எழுந்த நெய்வேலி நகரியம் இவ்வாராய்ச்சிக்கு மிக ஏற்ற களம். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் அங்கே அண்டை வீட்டாராயினர். நகரியம் வட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. உத்தரமேரூர்க்குக் குடும்பு எப்படியோ, நெய்வேலிக்கு வட்டம் அப்படி.

'நெய்வேலி மக்கள் விரும்பும் திரைப்படங்கள்' என்று ஓர் ஆய்வினை மாணவர்கள் மேற்கொள்வதாகக் கொள்வோம். புத்தகக் கண்காட்சி வாயிலில் பெட்டி வைத்தால் நூல் விரும்பிகளின் சுவை மட்டும் கிட்டும். இணையத்தில் விடுத்தால் இளைஞர் சுவை கிட்டும். அவருள்ளும் வெளிநாடு சென்ற பழைய மாணவர் வாக்கும் கலந்துவிடும். மாலைப் பொழுதில் வீடு வீடாகச் சென்றால் அந்நேரம் சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் பணிமுறையில் இருப்போர் விடுபடுவர். மூன்று பணிமுறை நடக்கும் ஊரில் மூன்று வேளையும் கதவு தட்டுதல் வேண்டும்.

நகரியத்தின் எல்லையோடு நிற்பதும் தவறாகும். நெய்வேலி என்பது நிரந்தர ஊழியர் குடியிருப்பு மட்டுமன்று. ஒப்பந்தத் தொழிலாளர் பலர் நகரியத்திற்கு வெளியே வாழ்கின்றனர். மந்தாரக்குப்பத்தின் வணிகர் உளர். சுரங்கத்திற்கு நிலமளித்து இடம்பெயர்ந்த சிற்றூர் மக்கள் உளர். அவர்தம் வயலில் தோண்டிய கரி நாட்டுக்கு விளக்கேற்றியது; அவ்விளக்கொளியில் ஓடும் திரைப்படத்தைப் பற்றிக் கேட்கும்போது அவர்களைக் கேளாது விடுதல் முறையாகுமா?

பெண்டிரிடம் பெண் மாணவியரே சென்று கேட்டல் நலம். முந்திய தலைமுறை முஸ்லிம் பெண்டிர் பலர் திரையரங்கிற்குச் செல்லும் வழக்கமற்றவர். தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படங்களே அவர்தம் திரையுலகம். அவரிடம் 'திரையரங்கில் பார்த்த படம் எது?' என்று கேட்பின் விடை வாராது. 'வீட்டில் பார்த்து மனத்தில் நின்ற படம் எது?' என்று கேட்பின் விடை பெருகும். மலையாளமும் தெலுங்கும் தாய்மொழியாகக் கொண்டோர்க்குத் தம் மொழிப் படங்களைக் கூறவும் உரிமை வேண்டும்.

வட்டத்திற்கும் சுற்றூருக்கும் மக்கள்தொகைக்கேற்ப எண்ணிக்கை வகுத்து, வீட்டெண்களைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையும் குலுக்கியே தேர்ந்து, நானூறு பேரைச் சந்தித்தால் ஒரு பருவத்திற்குள் ஆய்வு முற்றுப்பெறும். தேர்ந்த வீடு பூட்டியிருப்பின் அடுத்த வீட்டுக்குத் தாவாது, மீண்டும் இருமுறை செல்லுதல் வேண்டும். பூட்டிய வீட்டார் பெரும்பாலும் உழைக்கச் சென்றோர். முடிவினை வெளியிடும்போது முதலிடம் எது என்பதோடு, எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் மறுத்தனர், எம்முறையில் எண்ணினோம், ஆடவர்-பெண்டிர், முதியோர்-இளையோர் விருப்பங்கள் எங்கே வேறுபட்டன என்பவற்றையும் அச்சிடுதல் வேண்டும். ஒரே பட்டியலைக் காட்டிலும் பல பட்டியல்கள் அருகருகே நிற்பது ஊரின் உண்மை முகத்தைக் காட்டும்.

முடிவுரை

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். துலாக்கோலின் சிறப்பு யாது? தட்டில் வைத்ததை அது பிழையின்றி நிறுக்கும். ஆனால் தட்டில் வையாததை அக்கோலும் அறியாது. வாக்கெடுப்பும் அத்தகையதே. கணக்கு செம்மையாக இருத்தல் பாதி அறம். ஒருவரும் விடுபடாது தட்டில் ஏற்றப்படுதல் மறுபாதி அறம்.

இணைய வாக்கெடுப்பினை வெறுத்து ஒதுக்க வேண்டுவதில்லை. ஆர்வமுடையோர் கூடிக் களிக்கும் திருவிழாவாக அதனைக் கொள்ளலாம். அதன் முடிவை 'மக்கள் தீர்ப்பு' என்று எவரேனும் கூறும்போது மட்டும் நான்கு வினாக்களை எழுப்புவோம்: யாரைக் கேட்டீர்? யார் விடுபட்டனர்? எப்படி எண்ணினீர்? எதனை மறைத்தீர்? இவற்றுக்கு விடை தரும் பட்டியல் சிறியதாயினும் நம்பத்தக்கது. இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவன் திரைப்படப் பட்டியலோடு நில்லான். தேர்தற் காலக் கருத்துக்கணிப்பையும் விளம்பரம் கூறும் விழுக்காட்டையும் அவ்வாறே உரசிப் பார்ப்பான்.